வீட்டுக்கு வந்த பாட்டு

ஒக்கூரிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் பாடல் பெற்ற ஒரு கோவிலில் போய் இறங்கலாம். திருப்புத்தூர் திருத்தளிநாதரைச் சம்பந்தரும் அப்பரும் பாடியிருக்கிறார்கள். அதற்கும் அப்பால் பிரான்மலை. தேவாரத்தில் அதற்குத் திருக்கொடுங்குன்றம் என்று பெயர். காளையார்கோவில்தான் பழைய திருக்கானப்பேர். வைகைக் கரைத் திருப்பூவணத்தை மூவருமே பாடினார்கள். பாண்டிநாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 14 என்பது கணக்கு. அதில் 4 நம் சிவகங்கை மாவட்டத்துக்குள் இருக்கின்றன. பெருமாள் பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆழ்வார்கள் பாடிய திருக்கோட்டியூரும் பக்கத்தில்தான். ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒக்கூர் மாசாத்தியார் சங்க காலத்துப் பெண்பாற் புலவர். அவர் பாடிக் கிடைத்திருக்கும் எட்டுப் பாட்டும் காதலும் வீரமும்தான். சாமி பாட்டு இல்லை என்பதால் அவரை இன்றைக்கு இதற்குள் இழுக்கவில்லை.

இந்தத் தேவாரமும் பாசுரமும் கோவில் முன்னால் நின்று பாடியவை. அவை எப்படி வீட்டுக்குள் வந்தன? விளக்கேற்றும்போது வாய்க்குள் முணுமுணுக்கிற பாட்டாக, ஊருக்குப் புறப்படும்போது சொல்கிற பாட்டாக எப்போது ஆயின? யார் கொண்டுவந்தார்கள்? கொஞ்ச நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வந்த பாட்டு இப்போது வீட்டைவிட்டு மெல்ல வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. போவதற்குள் அது வந்த வழியை எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோவிலில் ராஜராஜ சோழன் வெட்டிவைத்த கல்வெட்டு ஒன்று உண்டு. திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல். பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்ற கணக்கில் பார்த்தால் கால் கலம். ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த இடத்துக்கு வரவேண்டும், அவருக்குப் பாடத் தெரியாவிட்டால் தெரிந்த வேறொருவரை வைத்துப் பாடச் செய்யவேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறது. கணக்குப்பிள்ளை மகனாகிய எனக்கு இந்தக் கல்வெட்டை ரொம்பப் பிடிக்கும். பக்தியைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது, நெல்லும் ஆளும்தான். ஆனால் அந்த நெல்தான் பாட்டைக் காப்பாற்றியது. அதற்கும் முன்னால், பல்லவ நந்திவர்மன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவாருக்குப் பங்கு ஒதுக்கிய செய்தி வருகிறது. ஆக, அந்த நாளில் சாமியைப் பாடுவது ஒரு வேலை. கூலி உண்டு, வாரிசு உண்டு, அந்த வேலைக்கென்று குறித்த ஆள் உண்டு. மற்றவர்கள் கேட்டுக் கும்பிட்டார்கள்.

பெண்கள்? திருமுறைகளைத் தேடி எடுத்த கதையைச் சொல்லும் திருமுறை கண்ட புராணத்தில் ஓர் இடம் வருகிறது. ஏடு கிடைத்துவிட்டது, பண் தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் அமைத்தார்கள் என்கிறது புராணம். நம்பியாண்டார் நம்பிக்கும் சோழ மன்னனுக்கும் கோவில் கோவிலாகச் சிலை இருக்கிறது. பண்ணைக் கொடுத்த அந்த அம்மாளுக்கு அந்தப் புராணத்தில் பெயர்கூட இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகள் சிலவற்றில் தேவரடியார்கள் திருவெம்பாவை பாடிய செய்தி இருக்கிறது. பிறகு அது எங்கேயோ போய்விட்டது. 2021ல் சென்னை அருகே மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோவிலில் ஓர் இளம்பெண்ணை ஓதுவாராக நியமித்தபோது பத்திரிகைகள் அதிசயம்போலச் செய்தி போட்டன. நடுவில் எத்தனை நூற்றாண்டு என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

கோவிலில் இல்லாத அந்தக் குரல் எங்கே இருந்தது என்றால், வீட்டில் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் பாட்டு போய்ச்சேர ஒரு வாகனம் வேண்டும். அந்த வாகனம் அச்சு.

1835ல் மெட்காஃப் துரை காலத்தில் வந்த சட்டத்துக்குப் பிறகு நம்மவர்கள் தாராளமாக அச்சுக்கூடம் வைக்க முடிந்தது. அதுவரை ஏடு என்பது மடத்திலும் புலவர் வீட்டிலும் இருந்த பொருள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உதவியவர். வேதப் புத்தகத்தை ஆளுக்கொன்று கையில் கொடுத்து, வீட்டில் தினம் படி என்று பாதிரிமார் சொல்வதைக் கிட்டே இருந்து பார்த்தவர். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தன் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1849ல் அச்சுக்கூடம் வைத்தார். பெரியபுராணத்தை எல்லாரும் படிக்கிற வசனமாக எழுதி அச்சிட்டார். எதிர்த்தவர்களிடமிருந்தே முறையைக் கற்றுக்கொண்டார் என்று நான் சொல்வேன். இதில் குறை ஒன்றும் இல்லை. திருப்புகழுக்கு இதே உபகாரத்தைச் செய்தவர் மாவட்ட முன்சீப்பாக இருந்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை. ஊர் ஊராக ஏடு தேடி எடுத்து 1894லும் 1901லும் இரண்டு பாகமாகப் பதிப்பித்தார். கோர்ட்டு வேலைக்கு நடுவே இதைச் செய்த மனிதர் என்பதை அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாமெல்லாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். எங்கள் அப்பா ஒக்கூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. அந்த வீட்டுப் பேரேடுகளைச் சின்ன வயசில் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே ‘சிவமயம்’. பரண் மேல் கட்டிவைத்திருந்த ரங்கூன், பினாங்குக் கடிதங்களிலும் அப்படியே. வட்டிக்கணக்கு எழுதிய கடிதமானாலும் சரி, ஒருவர் இறந்த சேதி எழுதிய கடிதமானாலும் சரி, தலையில் சாமி பேர் உண்டு. நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்று தொடங்க மாட்டார்கள், ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார்கள். மகமை என்று தனியாக ஒரு பற்று வரவு ஓடும். கோவிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கியது அந்தப் பக்கத்தில் ஏறும். ஐந்தொகை எடுக்கும்போது அப்பா சொல்வார், “இந்தக் கணக்குல மட்டும் ஒரு காசு குறைஞ்சாலும் ராத்திரி தூக்கம் வராதுடா.”

அந்த நாளில் கடல் கடந்து போன ஏஜெண்டுகளுக்கும் அடுத்தாள்களுக்கும் தவணை மூன்று வருஷம். மூன்று வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்புவார்கள். கிட்டங்கியில் ஆளுக்கொரு பெட்டி, பாய், கணக்குப் பெட்டி. போன இடத்திலெல்லாம் முருகனுக்குக் கோவில் எழுப்பினார்கள். பினாங்கில் 1857, சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859. வியாபாரிகள் கட்டிய கோவில், வியாபாரிகளே முன்னால் நின்று பாடிய கோவில். நடந்து போய்ப் பாடுவதும் அவர்களுக்குப் புதிது இல்லை. குன்றக்குடியிலிருந்து பழனிக்குத் தைப்பூசக் காவடி எடுத்து நடக்கும் நகரத்தார் வழக்கம், அந்தப் பக்கம் உப்பு வியாபாரத்துக்குப் போனதில் தொடங்கியது என்பது மரபு. கல்லும் முள்ளும் தெரியாமல் நடக்கப் பாட்டு வேண்டும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனுக்குப் பாடிய காவடிச் சிந்து, கால் போடுகிற தாளத்துக்கு எப்படி ஒத்துப்போகிறது என்று பாடிக்கொண்டே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆண்கள் அங்கே. இங்கே அரண்மனை போன்ற வீடுகளில் யார்? ஆச்சிமார்களும் பிள்ளைகளும் வயசானவர்களும். வீட்டில் ராமாயணம் படிக்கும் வழக்கம் இந்தப் பக்கம் இவ்வளவு ஊன்றிப்போனதற்கு இந்தத் தனிமையும் ஒரு காரணம் என்பது என் ஊகம். படித்தவர்கள் மறுக்கலாம்.

புரட்டாசி பிறந்தால் செட்டிநாட்டு ஊர்களில் ராமாயணம் படிப்பார்கள். ஏட்டுச்சுவடி வைத்திருக்கிற வீட்டில் ஏடு, இல்லாத வீட்டில் அச்சுப் புத்தகம். எங்கள் அப்பா வேலை பார்த்த வீட்டில் புத்தகம்தான். கம்பராமாயணம் பத்தாயிரம் பாட்டுக்கு மேல். ஒரு மாதத்தில் முழுவதும் படிப்பதென்றால் நாளைக்கு முந்நூறுக்கு மேல் போக வேண்டும், நடக்கிற காரியம் இல்லை. அதனால் பொறுக்கிப் படிப்பார்கள், விட்ட இடத்தை வசனமாகச் சொல்லிக் கடப்பார்கள். விளக்கு வைத்த பிறகு வளவில் ஜமுக்காளம் விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, மடக்குப் பலகையில் புத்தகத்தை வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவார்கள். அப்பாவுக்குக் குரல் கனம், உச்சரிப்புச் சுத்தம். கணக்கு எழுதும் வேலையோடு இதுவும் சேர்ந்துகொண்டது. சம்பளத்தில் வராது. பட்டாபிஷேகத்தன்று ஒரு வேஷ்டி துண்டு உண்டு. ராஜராஜனின் மூன்று குறுணியை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

அப்பா பாட்டைப் படிப்பார். பொருள் சொல்வது பெரிய ஆச்சி. அந்த அம்மாள் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. கையெழுத்து மட்டும் போடத் தெரியும். வருஷா வருஷம் கேட்டுக் கேட்டே பாட்டெல்லாம் மனசில் ஏறியிருந்தது. பதம் பிரிப்பதில் அப்பா அவசரப்பட்டால் தூண் ஓரத்திலிருந்து குரல் வரும். “கணக்குப்பிள்ளை, மெதுவாப் படிங்க. இந்தப் பாட்டை இப்படி ஓட்டிட்டு எங்க போகப் போறீக?” அப்பா மறு பேச்சுப் பேசாமல் திரும்பப் படிப்பார். ஊருக்கே கடன் பத்திரம் எழுதிக் கொடுக்கிற மனிதர், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் திருத்தத் திருத்தப் படித்ததை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். ராமாயணத்தைவிட எனக்கு அதுதான் அதிகம் ஞாபகம் இருக்கிறது.

படிப்பதற்குச் சில சட்டங்கள் உண்டு. துக்கமான கட்டத்தில் அன்றைய படிப்பை நிறுத்தக் கூடாது. தசரதன் உயிர் விட்ட இடத்திலோ, சீதையை எடுத்துப் போன இடத்திலோ புத்தகத்தை மூட மாட்டார்கள். எத்தனை மணி ஆனாலும் ஒரு நல்ல சொல் வருகிற இடம் வரை போய்த்தான் நிறுத்துவார்கள். பிள்ளைகள் சரிந்து தூங்கிவிடுவோம். கடைசியில் சுண்டல் தரும்போது எழுப்புவார்கள். ராமனைவிடச் சுண்டலை நம்பி வந்த கூட்டம்தான் அதிகம் என்று ஆச்சியே சொல்லிச் சிரிப்பார். சுந்தர காண்டம் படிக்கிற நாட்களில் மட்டும் கூட்டம் இரட்டிப்பாகும். கல்யாணம் தள்ளிப்போகிற வீட்டார், கடிதம் வராத வீட்டார், வழக்கு நடக்கிற வீட்டார் எல்லாரும் வந்துவிடுவார்கள். கடல் தாண்டிப் போன ஒருவன் நல்ல சேதி கொண்டுவருகிற கதை, கணவரையும் பிள்ளைகளையும் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்! 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்து, அடுத்த வருஷம் ஜனங்கள் காடும் மலையுமாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். அந்தச் சமயத்தில் இந்த வீடுகளில் சுந்தர காண்டம் எத்தனை தடவை படித்திருப்பார்கள் என்று எனக்கு யோசிக்கத் தோன்றும்.

எல்லாரும் ஒரே மனதாகக் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1939ல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அந்த விழாவின் நிறைவு நாள், கம்பர் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டையில் பங்குனி அத்தத்தன்று இன்றும் நடக்கிறது. அதே காலத்தில்தான் கம்பராமாயணத்தைக் கொளுத்தவேண்டும் என்ற குரலும் எழுந்தது. 1943ல் அண்ணாவுக்கும் ரா. பி. சேதுப்பிள்ளைக்கும் சென்னையில் சொற்போர். அடுத்து சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடன். அந்தச் சூடு எங்கள் ஊர்த் திண்ணை வரைக்கும் வந்து, பல வருஷம் ஆறாமல் இருந்தது. உள்ளே அப்பா படித்துக்கொண்டிருப்பார், வெளியே கறுப்புத் துண்டு போட்ட வாலிபர்கள் இரண்டு பேர் ஒவ்வொரு பாட்டுக்கும் மறுப்புச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மறுப்புச் சொல்வதற்காகவாவது ஒரு பாட்டு விடாமல் கேட்டார்கள். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் விஷயமும் அதுவே. கேலி செய்வதற்காகக் கம்பனைப் படிக்கப் போய்க் கம்பனிடமே மாட்டிக்கொண்டேன் என்ற பொருளில் அவரே அர்த்தமுள்ள இந்து மதத்தில் எழுதியிருக்கிறார். கடைசியில் இயேசு காவியம் வரை பாடிவிட்டுப் போனார். நம் பக்கத்து மண்ணில் பிறந்தவர் ஏசுநாதர் வரலாற்றைத் தமிழ்ச் செய்யுளில் பாடியதை நான் பெருமையாகவே நினைக்கிறேன்.

கிறிஸ்தவ வீடுகளிலும் இதே வழக்கத்தை வேறு உருவத்தில் பார்த்தேன். தபால் இலாகாவில் வேலை பார்த்த காலத்தில் என்னோடு இருந்த நண்பர் ஒருவர் ஓரியூர்ப் பக்கத்துக்காரர். அருளானந்தர் 1693ல் உயிர் கொடுத்த ஊர் அது. பெரிய வியாழனன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பாட்டி தழுதழுத்த ராகத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசித்துக்கொண்டிருந்தார். இலங்கையில் இருந்த கோவாக்காரர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் எழுதியது, இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஒப்பாரியை அறிந்த நம் காதுக்கு அது அந்நியமாகவே இருக்காது. முஸ்லிம்களிடத்தில் ஐயாயிரம் பாட்டுக்கு மேல் கொண்ட சீறாப்புராணம். தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு பாடல்களையோ எல்லா மதத்தாரும் பாடினார்கள். படிப்பவர் ஒருவர், சுற்றி உட்கார்ந்து கேட்பவர் பத்துப்பேர் என்ற அமைப்பு எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்.

ஆனால் யார் எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்பதையும் எழுத வேண்டும். பழைய காலம் என்று உருகுகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். வளவில் வீட்டாரும் உறவினரும். முகப்பில் எங்களைப் போன்றவர்கள். திண்ணையில் அடுத்தவர்கள். திண்ணை ஏறாமல் தெருவிலேயே இருந்தவர்களும் உண்டு. களத்து வேலை செய்கிற பெரியவர் ஒருவர் எதிர்ச் சுவரோரம் துண்டை விரித்து உட்காருவார். ராமாயணம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எங்கள் அப்பா எந்த இடத்தில் இருமி நிறுத்தினாலும் மிச்சத்தை அவர் வாய் முடித்துவிடும். உள்ளே கேட்காது, முகப்பில் இருந்த எனக்குக் கேட்கும். அவரை உள்ளே வா என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் திருக்கோட்டியூர் நமக்குப் பக்கத்தில். நம்பிகளிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற ரகசியத்தை ராமானுஜர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னதாக மரபு சொல்கிற இடம். அதைக் கதையாகச் சொல்லி மகிழ்ந்தார்கள், கதவு மட்டும் கதவாகவே இருந்தது. 1939 ஜூலை 8ல் வைத்தியநாதையர் மதுரை மீனாட்சி கோவிலுக்குள் அழைத்துப் போன பிறகும், வீட்டு வாசல்களுக்கு அந்தச் சேதி வந்துசேர ரொம்ப நாளாயிற்று. 1950களில் குன்றக்குடி அடிகளார் அருள்நெறித் திருக்கூட்டம் என்று தொடங்கி ஊர் ஊராகப் போய், எல்லாரையும் சேர்த்து வைத்துத் தமிழில் பாடி வழிபடச் செய்தார். அதை நான் பெரிய காரியம் என்றே சொல்வேன்.

அப்புறம் குழாய் ஒலிபெருக்கி வந்தது. எங்களைப் போன்ற வயசானவர்கள் அதை வைவது வழக்கம். ஆடி மாதம் விடிகாலை நாலரைக்கு எல். ஆர். ஈஸ்வரி குரலில் எழுந்திருக்காத தமிழன் உண்டா? நான் முழுக்க வைய மாட்டேன். அந்தக் களத்துப் பெரியவருக்கு, வளவில் இருந்தவருக்குக் கேட்ட அதே சத்தத்தில் பாட்டுக் கேட்டது ஒலிபெருக்கி வந்த பிறகுதான். இசைத்தட்டு, ரேடியோ, கேசட் எல்லாம் அந்த வகையில் நன்மை செய்தன. கானாடுகாத்தான் அண்ணாமலை அரசர் 1943ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கிவைத்தார், பண் ஆராய்ச்சி நடந்தது. தண்டபாணி தேசிகர் குரலில் தேவாரம் தட்டில் ஏறியது. தருமபுரம் சுவாமிநாதன் பாடிய ஒலிநாடாவைக் கேட்டுத்தான் பண் என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது. அதுவரை எங்கள் ஊரில் எல்லாத் தேவாரமும் ஒரே இழுவைதான். சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசமோ கேசட் கடையிலிருந்து நேரே பூஜை அறைக்கே வந்துவிட்டது. நாகூர் ஹனிபா பாட்டு கேட்காத இந்து வீடும் நம் பக்கத்தில் குறைவு.

கெட்டுப்போனது வேறு ஒரு இடத்தில். அத்தனை நன்றாகப் பாடுகிறவர் ஒருவர் பெட்டிக்குள் இருக்கும்போது, வீட்டில் இருக்கிறவர் ஏன் கரகரத்த குரலில் பாடவேண்டும் என்று தோன்றிவிட்டது. முதலில் ஆச்சிமார் நிறுத்தினார்கள். அவர்களை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பேத்தி வந்து பட்டனை அமுக்கினாள், அவ்வளவுதான். கோவிலில் பாடுவதற்கு அனுமதி வாங்கவேண்டியிருந்த காலத்திலும் அடுப்படியில் பாட யாரிடமும் அனுமதி கேட்காத குரல் அது. சிதம்பரத்தில் சிற்றம்பல மேடை ஏறித் தேவாரம் பாடுவதற்கு 2008 மார்ச் 2 வரை, அரசாணையும் போலீசும் வருகிற வரை, ஒரு முதியவர் போராட வேண்டியிருந்தது. அந்த உரிமை கிடைத்ததைச் செய்தித்தாளில் படித்த அன்று சந்தோஷப்பட்டேன். அன்றே எங்கள் தெருவில் நடந்துபோனபோது நாலைந்து வீட்டிலிருந்து கவசம் கேட்டது. எல்லாம் பெட்டிப் பாட்டு. மேடையில் பாட ஒருவர் அடி வாங்குகிறார், வீட்டில் பாடத் தடை இல்லாதவர்கள் வாயை மூடிக்கொண்டோம்.

இப்போது பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். கல்யாணம், படைப்பு, பிள்ளையார் நோன்பு என்றால் திறப்பார்கள். நோன்பன்று 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு விழுங்குகிற வழக்கம் மட்டும் எந்த தேசத்துக்குப் போனாலும் விடாமல் செய்கிறார்கள். ஏனென்றால் அதைப் பெட்டி செய்ய முடியாது, நம் வாயைத் திறந்தே ஆகவேண்டும்!

ராமாயணப் படிப்பு அடியோடு நின்றுவிடவில்லை. ஏட்டை வைத்துப் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற பெரியவர்கள் காரைக்குடிப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து ஒரு வீட்டில் சென்ற புரட்டாசியில் நாலு சனிக்கிழமை மட்டும் படித்தார்கள். மொத்தம் எட்டுப் பேர், அதில் மூன்று பேர் செல்போன் வழியாக. காலேஜில் படிக்கிற பேத்தி படித்தாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வந்தது. ஒரு பாட்டுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. யாரும் அவசரப்படவில்லை.

நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எந்த ஊரில் எந்த வீட்டு வழக்கம் என்ன, ஏடா புத்தகமா, கம்பனா வேறு ராமாயணமா, படித்தவர் யார், பொருள் சொன்னவர் யார், எந்த வருஷத்தோடு நின்றது, எல்லாம் குறித்து வருகிறேன். ஒக்கூர், நாட்டரசன்கோட்டை, அலவாக்கோட்டை வரை விசாரித்து முடிந்தது. பட்டமங்கலம், கண்டனூர், தேவகோட்டைப் பக்கத்துக்காரர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். பள்ளத்தூர்க்காரர் ஒருவர் தம் வீட்டில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு வருஷமும் பட்டாபிஷேகத் தேதியையும் அன்றைய நெல் விலையையும் எழுதிவைத்திருப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் அதைப் பார்க்கப் போகிறேன்.